அம்மாவின் மேல் தாடையும் ஆறு லட்சம் ரூபாயும்: 'திருப்தி'யை நம்பி இஎம்ஐ போடலாமா?



போன மாசம் நம்ம சேனலில் நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தேன். செல்போன், ஃப்ரிட்ஜ், பைக் என்று வழக்கமான உதாரணங்கள்தான். அதைப் பார்த்துவிட்டு லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி நேராக என் ஆபீசுக்கே வந்துட்டார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். அவர் பையிலிருந்து எடுத்து நீட்டியது ஒரு பல் கிளினிக்கின் கொட்டேஷன். அம்மாவுக்கு மேல் தாடையில் எலும்பு தேய்ந்துவிட்டது, அதனால் இம்ப்ளான்ட் வைத்து நிலையான பற்கள். மொத்தம் 6 லட்சம் ரூபாய். மாசம் 25,000 வீதம் 24 மாசம். "வட்டியே கிடையாது" என்று கீழே எழுதியிருந்தது.

"அக்கா, அம்மாவுக்குச் செய்றதைக் கணக்குப் பார்க்கலாமான்னு தெரியல. ஆனா இந்த இஎம்ஐ போனா வாடகையும் பெட்ரோலும் போக கையில ஒண்ணும் நிக்காது" என்றார்.

கணக்குப் பார்க்கலாம் தம்பி. பார்க்கத்தான் வேணும். இதே மாதிரி ஒரு பேப்பரை இரண்டு வருஷத்துக்கு முன்னாடி கையில் வைத்துக்கொண்டு நானும் முழித்தவள்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். மேல் தாடைக்கு இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சை. உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு அது சாப்பாட்டையும் பேச்சையும் திருப்பிக் கொடுக்கும். ஆனால் "எங்க பேஷன்ட் எல்லாருமே திருப்தி" என்ற ஒரு வரியை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. அந்தத் திருப்தி யாருடையது, எதோடு ஒப்பிட்டுச் சொன்னது, எத்தனை வருஷம் கழித்துக் கேட்டது என்று தெரியாதவரை அது விளம்பரம்தான். நான் சிஏ, பல் டாக்டர் இல்லை. சிகிச்சை முடிவை டாக்டரோடு எடுங்க. எந்தக் கேள்வி கேட்டுட்டு எடுக்கணும்னு மட்டும் நான் சொல்றேன்.

மேல் தாடையில் என்னதான் பிரச்சினை?

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு மெல்ல மெல்லக் கரையும். இது மேலும் கீழும் நடப்பதுதான். மேல் தாடைக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கு. பல் போன பிறகு அந்த அறை கீழே இறங்கி வரும். மேலிருந்து சைனஸ் இறங்க, கீழிருந்து எலும்பு தேய, நடுவில் மிஞ்சுவது சில சமயம் சில மில்லிமீட்டர்தான். சாதாரண இம்ப்ளான்ட் திருகு பிடிக்க அது போதாது.

அதற்கு டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் வழிகள் மூணு. சைனஸ் தரையை உயர்த்தி எலும்புத் துகள் வைத்து, சில மாசம் காத்திருந்து இம்ப்ளான்ட் போடுவது ஒன்று. எலும்பு இருக்கும் முன்பகுதியில் நாலு இம்ப்ளான்ட்டுகளை, பின்னால் இரண்டைச் சாய்த்து, போடுவது இன்னொன்று. மூணாவது, தாடையை விட்டுவிட்டு 30 முதல் 50 மில்லிமீட்டருக்கு மேல்கூட நீளமான திருகைக் கன்ன எலும்பிலேயே நங்கூரம் போடுவது. இதைத்தான் சைகோமா இம்ப்ளான்ட் என்கிறார்கள். மூணுக்கும் விலை வேற, காத்திருப்பு வேற, ரிஸ்க்கும் வேற.

இதெல்லாம் நேற்று வந்த வித்தை இல்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டி இணையும் என்பதை 1952-ல் முயல் எலும்பில் கவனித்தவர் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்-இங்வார் பிரானமார்க். 1965-ல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளிக்கு முதன்முதலில் இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அது வேலை செய்தது. பல கிளினிக்குகள் "லைஃப்டைம்" என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரிக் கதைகள்தான். ஆனா லார்சனுக்கு வைத்தது கீழ்த் தாடையில். மேல் தாடை வேற கதை.

இப்போ யாரும் நமக்கு விளக்காத ஒரு விஷயம். இம்ப்ளான்ட்டுக்குப் போதுமான எலும்பு இல்லை என்றால், பல்செட்டும் நிற்காது என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேற வேற. மேல் பல்செட்டு அண்ணத்தை முழுக்க மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சைனஸ் இறங்கி இம்ப்ளான்ட்டுக்கு இடம் இல்லாமல் போனாலும், வெளியே ஈறு மேடு நன்றாக இருந்தால் பல்செட்டு நிற்கலாம். கீழ்த் தாடைக்கு இந்த வசதி இல்லை. அங்கே பிடிமானம் குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய மேடுதான், நடுவில் நாக்கு வேற தள்ளிக்கிட்டே இருக்கும்.

ஆய்வுகளில் 'திருப்தி' என்றால் என்ன?

பல் சிகிச்சை ஆய்வுகளில் அடிக்கடி பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கு. 14 கேள்விகள். வார்த்தை உச்சரிக்கச் சிரமமா, ருசி குறைஞ்சிருக்கா, வலி இருக்கா, சாப்பிடும்போது அசௌகரியமா, வெட்கப்பட்டீங்களா, எரிச்சல் வந்ததா என்று போகும். நல்ல கேள்விகள்தான். ஆனா அந்தப் பதினாலில் பணத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "இதற்காகக் கடன் வாங்கினீங்களா, அது உங்களைத் தூங்க விடுதா" என்று யாரும் கேட்கலை. டாக்டர்கள் பல்லைப் பற்றிக் கேட்கிறார்கள், அது அவர்கள் வேலை. பணத்தைப் பற்றிக் கேட்பது நம்ம வேலை.

இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று, திருப்தி என்பது ஆரம்பப் புள்ளியைப் பொறுத்தது. ஐம்பது மார்க் எடுத்த பையன் தொண்ணூறு எடுத்தால் வீடே கொண்டாடும். எண்பத்தஞ்சு எடுத்தவன் தொண்ணூறு எடுத்தால் யாரும் கண்டுக்க மாட்டாங்க. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2000-ல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டது. அதே நபர்களிடம் புதிதாகச் செய்த சாதாரண மேல் பல்செட்டையும், இம்ப்ளான்ட்டில் நிற்கும் மேல் பல்வரிசையையும் ஒப்பிட்டுக் கேட்டார்கள். ஒட்டுமொத்தத் திருப்தியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பல்செட்டைத் தாங்க நல்ல எலும்பு இருப்பவர்களுக்கு மேல் தாடை இம்ப்ளான்ட்டைப் பொதுவான முதல் சிகிச்சையாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். கீழ்த் தாடைக்கு நிலைமை தலைகீழ். 2002-ல் அதே மெக்கிலில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன் மேல் மாட்டும் பல்செட்டுதான் முதல் தேர்வாக இருக்கணும் என்று அறிவித்தார்கள். உங்க அப்பா அம்மாவின் தொல்லை உண்மையில் கீழ்ப் பல்செட்டா என்று முதலில் கேளுங்க. அப்படியிருந்தா மேலே போடப்போகும் பணத்தின் ஒரு பகுதியிலேயே கீழே பெரிய நிம்மதி கிடைக்கலாம்.

இரண்டு, இம்ப்ளான்ட் நிற்பது வேற, மனுஷன் திருப்தியா இருப்பது வேற. கன்ன எலும்பு இம்ப்ளான்ட் பற்றி 68 ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் ஒரு தொகுப்பு வந்தது. 4,556 இம்ப்ளான்ட்டுகளில் தோற்றவை 103. பன்னிரண்டு வருஷக் கணக்கிலும் 95 சதவீதத்துக்கு மேல் நின்றிருக்கு. அருமையான எண்தான். ஆனா அதே தொகுப்பு சைனஸ் தொற்று, ஈறில் தொற்று, மரத்துப்போதல் போன்ற சிக்கல்களையும் பட்டியல் போடுது. திருகு கெட்டியா நிற்கும், பக்கத்தில் சைனஸ் தொல்லையும் இருக்கும், இரண்டும் ஒரே வாயில் நடக்கலாம். அது தவிர, ஃபாலோ-அப்புக்குத் தொடர்ந்து வருபவர்கள்தான் கணக்கில் நிற்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்டில் மூடப்பட்ட ஸ்கீம்களைக் கழித்துவிட்டு சராசரி ரிட்டர்ன் காட்டுவது பற்றி நம்ம பேசியிருக்கோம் இல்லையா, அதே கதை.

என் அம்மா கதை

அம்மாவுக்கு அப்போ வயசு 61. சர்க்கரை, ஈறு நோய், ஒவ்வொரு பல்லாப் போய் மேல் வரிசை முழுக்கப் பல்செட்டு. பதினோரு வருஷம் பழசு. பேசும்போது இறங்கும். கல்யாண வீட்டில் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பெரிய மார்க்கெட்டில் பேரம் பேசுவதையே நிறுத்திட்டார். அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது, ஏன்னா பேரம் பேசுவதில் அம்மாவை அடிக்க ஆளே கிடையாது.

டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்கேன் எடுத்து, "எலும்பு இல்லை, கன்ன எலும்பில்தான் போடணும், இன்னிக்கே புக் பண்ணினா 10 சதவீதம் தள்ளுபடி" என்றார்கள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டேன். அம்மாதான் "நாளைக்கு வரோம்" என்று எழுந்தார். தள்ளுபடி இன்னிக்கு மட்டும் என்றால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடும்.

ஸ்கேன் சிடியை வாங்கிக்கொண்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே இருந்த பேராசிரியை அம்மாவின் வாயை விட, அந்தப் பழைய பல்செட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். "பதினோரு வருஷத்துல உங்க ஈறு மாறிடுச்சும்மா, பல்செட்டு மாறல. சைனஸ் இறங்கியிருக்கறது உண்மைதான். ஆனா மேடு நல்லாத்தான் இருக்கு. முதல்ல புதுசா ஒண்ணு ஒழுங்கா செஞ்சு ஆறு மாசம் போட்டுப் பாருங்க. அப்பவும் நிக்கலைன்னா இம்ப்ளான்ட் பேசலாம், அது எங்கயும் ஓடிடாது" என்றார்.

ஆறேழு தடவை நடந்தோம். செலவு அந்த கிளினிக் சொன்ன ஒரு மாச இஎம்ஐ அளவுகூட வரலை. அம்மா இப்போ முறுக்கு கடிக்க மாட்டார், ஊறவைத்துத்தான். நிலையான பல் மாதிரி இல்லை என்று அவருக்கே தெரியும். ஆனா மார்க்கெட்டில் மறுபடியும் சத்தம் கேட்குது. "எனக்கு இது போதும்டி, மிச்சத்தை உன் பொண்ணு ஃபீசுக்கு வை" என்றார். இந்தத் திருப்தியை எந்தக் கிளினிக்கும் விளம்பரத்தில் போடாது.

மறுபக்கமும் உண்டு

இதை வைத்து இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்று நான் சொல்றதா நினைக்காதீங்க.

என் கிளையன்ட் ஒருவர், முப்பத்தெட்டு வயசு, சம்பளக்காரர். 2021 கொரோனா இரண்டாம் அலையில் தப்பித்தவரைக் கருப்புப் பூஞ்சை பிடித்தது. அந்த வருஷம் மே மாசம் மத்திய அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். ஜூன் முடிவதற்குள் நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல் பாதிப்பு. உயிர் தப்பியவர்களில் பலருக்கு மேல் தாடையை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. இவருக்கும் மேல் தாடையில் ஒரு பக்கம் முழுக்கப் போயிடுச்சு. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வரும். போனில் பேசினா எதிரில் இருப்பவருக்குப் புரியாது. சேல்ஸ் வேலை, யோசிச்சுப் பாருங்க. உறிஞ்சிப் பிடிக்க அண்ணமே இல்லாத வாயில் சாதாரணப் பல்செட்டு எப்படி நிற்கும்?

அவருக்குக் கன்ன எலும்பு இம்ப்ளான்ட்தான் வழி. செய்தார். பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி, மனைவியின் நகை ஒரு பகுதி. நான் ஒரு வார்த்தை தடுக்கலை. ஏன்னா அவருக்கு அது செலவு இல்லை, சம்பாதிக்கும் வாயைத் திரும்ப வாங்கியது. "திருப்தியா?" என்று கேட்டால், "மேடம், என் பொண்ணு நான் பேசறது புரியுதுன்னு சொன்னா" என்பார். விபத்து, புற்றுநோய், கருப்புப் பூஞ்சை, அல்லது ஒழுங்காச் செய்த புதுப் பல்செட்டும் நிற்காத அளவுக்குத் தட்டையாகிப்போன தாடை, இவங்களுக்கு ஆரம்பப் புள்ளியே பள்ளத்தில். அங்கிருந்து ஏறும் ஏற்றம் உண்மையானது.

ஒரே டெக்னாலஜிதான். ஒருத்தருக்கு அவசியம், இன்னொருத்தருக்கு அவசரம்.

இப்போ பணம்

முதலில் அந்த "வட்டியில்லா" இஎம்ஐ. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிடுச்சு. தம்பியிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "மொத்தப் பணமும் இப்பவே கட்டினா எவ்வளவு?" பதில், 5,40,000. அப்போ உண்மையான விலை 5.4 லட்சம். கட்டப்போவது 6 லட்சம். கூடவே பிராசசிங் ஃபீ 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 14,160 ரூபாய் முன்கூட்டியே. எல்லாம் சேர்த்தால் 74,160 ரூபாய் அதிகம். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 13 சதவீதம். அது ஒரு பர்சனல் லோன்தான், பல் டாக்டர் கோட்டு போட்டிருக்கு, அவ்வளவுதான். 2024 அக்டோபர் முதல் இந்த மாதிரி சில்லறைக் கடனுக்கெல்லாம் முக்கிய விவரத் தாள் கொடுத்தே ஆகணும். அதில் ஆண்டுச் செலவு விகிதம் என்ற ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் ஓடிபி சொல்லாதீங்க.

இன்சூரன்ஸ்? பெரும்பாலான ஹெல்த் பாலிசிகள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பல் சிகிச்சைக்குக் கொடுக்கும். ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பாலிசியில் நோய் அல்லது காயத்தால் தேவைப்படும் பல் சிகிச்சை என்ற வாசகம் இருக்கு, அதுவும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் செலவோடு சேர்ந்தது. என் கிளையன்ட் மாதிரி கேஸ் என்றால் சிகிச்சைக்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க. கம்பெனி குரூப் பாலிசியில் பல் சிகிச்சைக்கு ஏதாவது சின்னத் தொகை இருக்கான்னு எச்ஆரிடம் கேளுங்க.

நம்ம ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களைப் பார்த்து "அவங்களுக்கென்ன, எல்லாம் அங்கே கொடுத்துடுவாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. பிரான்சில் 2020, 2021-ல் வந்த சீர்திருத்தத்தில் குறிப்பிட்ட வகை பல் உறைகளும் பல்செட்டுகளும் நோயாளி கைக்காசு போடாமலே கிடைக்கும்படி செய்தார்கள். இம்ப்ளான்ட் அதில் இல்லை. பணக்கார நாடே எல்லோருக்கும் முதலில் உறுதி செய்வது நல்ல பல்செட்டைத்தான்.

வரி? அப்பா அம்மாவுக்கு 60 வயசு ஆகி, அவங்க பெயரில் ஹெல்த் இன்சூரன்ஸே இல்லை என்றால், அவங்களுக்கு நீங்க செய்யும் மருத்துவச் செலவில் வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நாம 80டி என்று கூப்பிட்டுப் பழகிய அதே கழிவு. பணமாகக் கொடுத்தால் கிடையாது, யுபிஐ, கார்டு, செக் எதிலாவது கட்டணும். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான். 20 சதவீத ஸ்லாபில் இருந்தால் செஸ்ஸோடு 10,400 ரூபாய் மிச்சம். சிகிச்சை மார்ச், ஏப்ரல் என்று இரண்டு நிதியாண்டில் விழுந்தால் இரண்டு வருஷமும் எடுக்கலாம். ஆனா இந்தப் பத்தாயிரத்துக்காக ஆறு லட்சம் செலவு பண்ணாதீங்க!

விலைக் கட்டுப்பாடு? இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மூட்டுக்கு அதே வருஷம் ஆகஸ்ட்டிலும் அரசு உச்ச விலை வைத்தது. பல் இம்ப்ளான்ட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்ம தலையில்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. புதுப் பல்செட்டு ஒழுங்காச் செய்தால் நிற்குமா, நிற்காதா? நிற்காது என்றால் ஏன்?

2. மூணு வழியில் எது, ஏன் அது? மற்ற இரண்டுக்கும் எவ்வளவு ஆகும்?

3. கொட்டேஷனில் ஸ்கேன், தற்காலிகப் பல், கடைசிப் பல், மயக்க மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் சேர்ந்திருக்கா?

4. ஒரு இம்ப்ளான்ட் ஒட்டாமல் போனால் திரும்ப வைக்க யார் காசு? எழுத்தில் வேணும்.

5. வருஷா வருஷம் சுத்தம் செய்ய, திருகு இறுக்க எவ்வளவு? மேலே மாட்டிய பல்வரிசை தேய்ந்தால் மாற்ற எவ்வளவு? உள்ளே இருக்கும் உலோகம் நீண்ட நாள் நிற்கலாம், மேலே இருக்கும் பல் தேயும் பொருள்தான்.

6. இம்ப்ளான்ட் பெட்டியின் பிராண்ட், லாட் நம்பர் ஸ்டிக்கர் கொடுப்பீங்களா? பத்து வருஷம் கழித்து அந்த கிளினிக் இல்லை என்றாலும் வேறு டாக்டருக்கு அது தேவைப்படும்.

7. ஐந்து வருஷத்துக்கு முன்னாடி இதே சிகிச்சை செய்த ஒருவரிடம், அவர் சம்மதித்தால், பேச முடியுமா? போன மாசம் செய்தவரின் திருப்தி நமக்குப் போதாது.

இரண்டாவது கருத்துக்கு நம்ம ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோரிமேடு இந்திரா நகரில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கு. பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. கல்லூரி என்றால் நேரம் ஆகும், நாலு தடவை நடக்கணும், மாணவர்கள் பார்ப்பார்கள். லீவு போட வேண்டியிருக்கும். இரண்டு நாள் சம்பளமா, இரண்டு வருஷ இஎம்ஐயா என்று நீங்களே பார்த்துக்கோங்க.

எல்லாம் பார்த்த பிறகும் இம்ப்ளான்ட்தான் என்று முடிவானால், தயங்காதீங்க. ஆனா எமர்ஜென்சி ஃபண்டைத் தொடைக்காமல் செய்யுங்க. ஆறு மாசம் சேர்த்து, பாதியைக் கையிலிருந்து போட்டு, மீதிக்கு மட்டும் கடன் வாங்குங்க. எலும்பு தேய்வது வருஷக் கணக்கில் நடக்கும் விஷயம். டாக்டர் அவசரம் என்று காரணம் சொல்லாதவரை ஆறு மாசத்தில் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

லாஸ்பேட்டை தம்பி போன சனிக்கிழமை மெசேஜ் போட்டார். அம்மாவை இரண்டாவது டாக்டரிடம் காட்டியிருக்கார். இன்னும் முடிவு எடுக்கலை. ஆனா முதல் தடவையா அம்மாவிடமே "உனக்கு என்னம்மா கஷ்டம், எதைச் சாப்பிட முடியல?" என்று உட்கார்ந்து கேட்டாராம். அம்மா சொன்னது, "மேல ஒண்ணும் இல்லடா, கீழ இருக்கறதுதான் குத்துது."

கொட்டேஷனில் கீழ்த் தாடை பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்க வீட்டிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்க இஎம்ஐ தேவையில்லை.